புகையின் போக்கு

புதுச்சேரியிலிருந்து கடலூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், அரியாங்குப்பத்தையும் சுண்ணாம்பாற்றையும் கடந்து தெற்கு நோக்கிச் சென்றால் தவளக்குப்பம் என்னும் ஊரை அடையலாம். கிழக்கே சிறிது தொலைவில் கடல். சவுக்கு விறகும், தென்னை மட்டையும், பன்னாடையும் எளிதில் கிடைக்கும் பகுதி அது. எரிவாயு அடுப்பு இல்லந்தோறும் புகுந்துவரும் இக்காலத்திலும், இத்தகைய ஊர்களில் விறகடுப்பு முற்றிலும் அணைந்துவிடவில்லை. வெந்நீர் காய்ச்சவும், நெல் அவிக்கவும், எரிவாயு உருளை தீர்ந்த நாளில் உலை வைக்கவும் அது இன்றும் துணை நிற்கிறது.

அவ்வூரில் வாழும் எளிய குடும்பம் ஒன்றை மாணவர்கள் மனக்கண்முன் கொண்டுவருவார்களாக. தந்தை, தாய், பாட்டி, ஒன்பதாம் வகுப்பில் பயிலும் மகள், எட்டு மாதக் கைக்குழந்தை ஆகிய ஐவர் அவ்வீட்டில் உள்ளனர். பாட்டியை அவ்வூர் வழக்கப்படி 'ஆயா' என்றே அனைவரும் அழைப்பர். சமையற்கட்டில் களிமண்ணால் அமைந்த அடுப்பு ஒன்று உண்டு. முன்புறம் விறகு வைக்கும் வாய். மேலே பாத்திரம் ஏற்றும் குழிகள் இரண்டு. முதற்குழியினின்று இரண்டாம் குழிக்குத் தீ நாக்கு செல்லச் சிறு வழி. அதன் பின்னே நான்கு அங்குலக் குழாய் ஒன்று எழுந்து கூரையைத் துளைத்து வெளியே செல்லும். இதற்குப் 'புகையில்லா அடுப்பு' என்று பெயர். இரண்டாண்டுகள் அது பெயருக்கு ஏற்பவே நடந்தது. மூன்றாம் ஆண்டு ஐப்பசி மாதத்தில், பெயரில் இல்லாத புகை வீடெங்கும் பரவலாயிற்று.

தாயின் கண்கள் சிவந்தன. இரவில் இருமல் எழுந்தது. சமையற்கட்டை அடுத்த கூடத்தில் ஏணையிலே கிடந்த குழந்தை, அடுப்பு மூட்டும் நேரமெல்லாம் வீறிட்டு அழுதது. தந்தைக்குப் பொறுமை போயிற்று. "இந்த அடுப்பை நாளைக்கே இடித்துவிடுகிறேன். மூன்று கல்லை வைத்துச் சமைப்பதே மேல்" என்றார். ஆயாவும் அதற்கு உடன்பட்டார். "என் காலத்தில் புகைபோக்கி ஏது? புகையிலேதான் பொங்கினோம், புகையிலேதான் தின்றோம். எங்களுக்கு என்ன குறைந்துபோயிற்று?" என்று கேட்டார். கேட்டு முடிக்குமுன் இருமுறை இருமினார்.

மகள் ஆயாவை நோக்கினாள். பின்னர்த் தந்தையை நோக்கினாள். "அப்பா, இடிப்பதற்கு ஒரு நாழிகை போதும். இது ஏன் புகைகிறது என்று பார்க்க எனக்கு ஒரு வாரம் கொடுங்கள்" என்றாள். தந்தை சிறிது எண்ணிப் பார்த்து, "ஒரு வாரம்தான்" என்றார்.

ஒரு வாரத்திற்கு அவள் ஏன் மன்றாட வேண்டும்? புகை என்பது வெறும் கண்ணெரிச்சல் அன்று. விறகுப் புகையில் மிக நுண்ணிய துகள்கள் மிதக்கின்றன. அவற்றுட் பல, மனிதனின் தலைமயிரின் பருமனில் இருபதில் ஒரு பங்கினும் சிறியவை. மூக்கும் தொண்டையும் அவற்றைத் தடுக்கமாட்டா. அவை நுரையீரலின் அடித்தளம் வரை சென்று தங்கும். சென்னையிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு மாவட்டங்கள் நான்கில் 436 ஊரக வீடுகளின் காற்றை அளந்து, தம் முடிவுகளை 2002ஆம் ஆண்டில் வெளியிட்டனர். விறகு முதலியன எரிக்கும் வீடுகளில், சமைக்கும் வேளையில் மட்டும், மூச்சோடு உட்செல்லும் துகள்கள் ஒரு கனமீட்டர் காற்றில் 500 முதல் 2000 மைக்ரோகிராம் வரை இருந்தன. வெளிக்காற்றில் நுண்துகள் ஒரு நாட்சராசரியில் 60 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது நம் நாட்டு விதி. இவ்விரண்டையும் ஒப்பிடுவோர்க்கு அடுக்களைக் காற்றின் நிலை விளங்கும். வீட்டினுள் எழும் இத்தகைய புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என்றும், அவர்களுள் ஐந்து வயது நிரம்பாக் குழந்தைகள் 2 இலட்சத்து 37 ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. ஏணையில் அழுத குழந்தை காரணமின்றி அழவில்லை.

இனி, புகைபோக்கி எவ்வாறு புகையைப் போக்குகிறது என்பதை அறிதல் வேண்டும். குழாய்க்குப் புகையை இழுக்கும் கை எதுவும் இல்லை. சூடேறிய காற்று விரிகிறது. விரிந்த காற்று எடை குறைகிறது. 200 பாகை செல்சியசு வெப்பமுள்ள காற்று, 30 பாகை வெப்பமுள்ள அதே அளவு காற்றின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே இருக்கும். ஆகவே குழாயினுள் இருக்கும் சூடான காற்றை, வெளியே இருக்கும் கனத்த காற்று கீழிருந்து மேலே தள்ளுகிறது. தள்ளப்பட்ட காற்று மேலே செல்ல, அதன் இடத்தை நிரப்ப அடுப்பு வாயின் வழியே புதுக்காற்று நுழைகிறது. இதுவே 'இழுப்பு' எனப்படும். குழாய் உயர உயர இழுப்பு மிகும். குழாயின் உட்காற்று சூடேறச் சூடேற இழுப்பு மிகும். குழாய் அடைபட்டாலும், குளிர்ந்தாலும், இடையில் வேறு வழியாகக் காற்று புகுந்தாலும் இழுப்புக் குன்றும். இழுப்புக் குன்றினால் புகைக்கு எஞ்சியிருக்கும் ஒரே வழி அடுப்பின் வாய்தான்.

மருத்துவன் செயல் இன்னதென்று கூறவந்த வள்ளுவர், நோயின் இயல்பை முதலில் ஆராய்ந்து, பின்பு அதன் காரணத்தை ஆராய்ந்து, அதன்பின் அதனைத் தணிக்கும் நெறியைத் தெளிந்து, இறுதியில் பிழையின்றிச் செய்யுமாறு வகுத்தார். அம்முறை உடல்நோய்க்கு மட்டும் உரியதன்று. அடுப்பின் நோய்க்கும் உரியது. அம்மாணவியும் அவ்வழியே சென்றாள்.

முதல் இரண்டு நாளும் அவள் அடுப்பைத் தொடவில்லை. தாளொன்றில் நான்கு பத்திகள் வகுத்தாள். எந்த நேரம், எந்த விறகு, காற்று எப்படி, புகை எவ்விடத்திலிருந்து வந்தது என்று எழுதினாள். இரண்டாம் நாள் இரவு அத்தாளைப் படித்தபோது நான்கு செய்திகள் புலப்பட்டன. அடுப்பு மூட்டும் வேளையில் புகை மிகுதி. அதில் பெரும்பகுதி அடுப்பின் வாய்வழியே வருகிறது. சிறுபகுதி இரண்டாம் குழியில் வைத்த பாத்திரத்தின் விளிம்பைச் சுற்றியும், குழாயின் அடியிலுள்ள வெடிப்பிலும் கசிகிறது. காலையைவிடக் கடற்காற்று வீசும் பிற்பகலில் புகை மிகுதி. மழைக்கு அஞ்சிக் கதவையும் பலகணியையும் சாத்திய வேளையில் அது இன்னும் மிகுதி. ஒரு நோய் என்று எண்ணியது ஒன்றன்று என்பது அப்போதே அவளுக்குத் தோன்றியது.

மூன்றாம் நாள் அவள் விறகை ஆராய்ந்தாள். திறந்த வெளியில் கிடந்த சவுக்குக் கட்டைகளுள் இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டினாள். மந்தமான ஓசை எழுந்தது. பரண்மேல் கிடந்த கட்டைகளைத் தட்டினாள். 'கணீர்' என்ற ஓசை எழுந்தது. அவற்றின் நுனியில் மெல்லிய வெடிப்புகளும் காணப்பட்டன. அவை உலர்ந்தமைக்கு அடையாளம் அவ்விரண்டும். அப்போதே வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீராக இருத்தல் கூடும். அந்நீர் ஒரு கிலோகிராமை ஆவியாக்குவதற்கே உலர்ந்த விறகு ஏறத்தாழ 160 கிராம் தரும் வெப்பம் செலவாகும். அதனினும் பெரிய கேடு ஒன்று உண்டு. ஈரம் தீயைக் குளிரச் செய்கிறது. தீ குளிர்ந்தால் விறகினின்று எழும் ஆவிகள் எரியாமல் தப்பிவிடுகின்றன. புகை என்பது எரியாது தப்பிய விறகே அன்றி வேறில்லை. உலர்ந்த விறகை இட்டபோது புகை பாதியாயிற்று. ஆனால் முற்றிலும் நீங்கவில்லை. "விறகுதான் குற்றம், கண்டுபிடித்துவிட்டாய்" என்றார் தாய். "பாதிதான் அம்மா கண்டுபிடித்தேன்" என்றாள் மகள்.

நான்காம் நாள் அவள் ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி, எரிந்துகொண்டிருந்த அடுப்பைச் சுற்றி மெல்லப் பிடித்துக்கொண்டு வந்தாள். நன்றாக இழுக்கும் அடுப்பில், வாயருகே பிடித்த ஊதுவத்தியின் புகை உள்நோக்கி வளையும். இங்கோ அது நேரே நின்று, பின்பு அவள் முகத்தை நோக்கித் திரும்பியது. குழாயின் அடியில் விரல் நுழையும் அளவு வெடிப்பு ஒன்றும், இரண்டாம் குழியின் விளிம்பில் இடைவெளி ஒன்றும் இருந்தன. பெரிய குழியில் சிறிய பாத்திரத்தை வைத்தால் இடைவெளி விழுவது இயல்பே. களிமண்ணோடு உமியும் சாணமும் கலந்து பிசைந்து, ஓரிரவு ஊறவைத்து, ஆயா அந்த வெடிப்பைப் பூசினார். மண் பிசைவதில் அவருக்கு இணையாவார் அவ்வீட்டில் எவரும் இல்லை. குழியின் விளிம்பையும் அவரே பாத்திரத்திற்கு ஏற்பக் குறுக்கினார். இரண்டாம் குழியில் சமைப்பதற்கு ஒன்றும் இல்லாத வேளையில், நீர் நிறைந்த பாத்திரத்தால் அதனை மூடிவைப்பது என்றும் முடிவாயிற்று. அடுப்பு நன்கு இழுக்கும்போது அத்துளைகள் குளிர்காற்றை உள்ளே விட்டு இழுப்பைக் கெடுக்கும்; இழுக்காதபோது புகையை வெளியே விடும். எவ்வாறாயினும் அவை பகையே.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. முதல்நாள் இரவே அடுப்பை அணைத்து ஆறவிட்டிருந்தனர். குழாயின் அடியில் கரி எடுப்பதற்கென்று ஒரு சிறு துளையும், அதற்கு ஒரு மூடியும் இருந்தன. இரண்டாண்டுகளில் ஒருநாளேனும் அம்மூடியை எவரும் திறந்ததில்லை. மாணவி அதனைத் திறந்து, முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைச் சாய்த்து உள்ளே பிடித்தாள். வானத்தின் வட்டம் தெரிய வேண்டிய இடத்தில் இருள் தெரிந்தது. தந்தையை அழைத்துக் காட்டினாள். அவர் ஒன்றும் பேசவில்லை. ஏணியை எடுத்துவரச் சென்றார்.

மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு அவர் கூரைமேல் ஏறினார். தேங்காய் நாரை உருண்டையாகச் சுற்றி மூங்கிற்கழியின் நுனியில் கட்டி, குழாயினுள் மேலும் கீழும் செலுத்தினார். கீழே ஒரு முறம் நிறையக் கரி விழுந்தது. குளிர்ந்த குழாய்ச் சுவரில் படியும் கரியும் பிசினும் நாளடைவில் தடித்து, நான்கு அங்குல வழியை இரண்டு அங்குலமாக்கிவிட்டன. ஈரவிறகு இப்படிவை மேலும் விரைவுபடுத்தும். இப்படிவு தீப்பற்றினால் குழாயே தீப்பந்தமாகும். கீற்றுக் கூரையுள்ள வீட்டுக்கு அதனினும் பெரிய இடர் வேறில்லை. இரு குழிகளுக்கும் இடையிலிருந்த வழியிலும் சாம்பல் மேடிட்டிருந்தது, அதனையும் அகற்றினர். இப்போது கண்ணாடியில் வெள்ளி நாணயம் போன்ற வானம் தெரிந்தது.

அன்று காலை அடுப்பு மூட்டியபோது புகை வெளிவரவில்லை. மூட்டுமுன் மாணவி ஒன்று செய்தாள். ஒரு பிடி வைக்கோலை இரண்டாம் குழியில் இட்டுக் கொளுத்தினாள். இரவு முழுதும் குளிர்ந்து கிடந்த குழாயில் கனத்த காற்று ஒரு தக்கையைப் போல் அடைத்துக் கிடக்கும். வைக்கோல் தீ அதனைச் சூடாக்கி மேலே அனுப்பிவிட்டால், பிறகு மூட்டும் விறகின் புகை அதன் பின்னே தானே செல்லும். குடும்பத்தார் அனைவரும் மகிழ்ந்தனர். ஆனால் அம்மகிழ்ச்சி பிற்பகல் மூன்று மணி வரையே நீடித்தது. கடற்காற்று எழுந்ததும் புகை மீண்டும் உள்ளே வந்தது.

தந்தை முகம் வாடினார். மாணவியோ தன் தாளை எடுத்துப் பார்த்தாள். காலையைவிடப் பிற்பகலில் மிகுதி என்று அவளே எழுதியிருந்தாள். கரி அடைப்பாயின் காலையிலும் புகைதல் வேண்டும். காற்று எழுந்தபின் மட்டும் புகைவதாயின், குற்றம் குழாயின் உள்ளே இல்லை. வெளியே இருத்தல் வேண்டும். அவள் தெருவிற்குச் சென்று தொலைவில் நின்று வீட்டை நோக்கினாள். காரணம் கூரைமேல் நின்றது. அவ்வாண்டு கோடையில், சமையற்கட்டின் பழைய தாழ்ந்த கீற்றுக் கூரையை எடுத்துவிட்டு உயரமான ஓட்டுக் கூரை போட்டிருந்தனர். கூரை உயர்ந்தது, குழாய் உயரவில்லை. அதன் நுனி இப்போது கூரை முகட்டிற்குக் கீழே நின்றது. கிழக்கிலிருந்து வீசிய காற்று முகட்டைக் கடந்து மறுபுறம் சுழன்று இறங்கி, புகையைக் குழாயினுள்ளேயே திருப்பி அழுத்தியது. மறுநாள் கொத்தனார் வந்து, முகட்டிற்கு மேல் இரண்டடி உயருமாறு குழாயை நீட்டி, மழைநீர் புகாதபடி, காற்றுக்கு இடைவெளி விட்டு ஒரு தொப்பியும் பொருத்தினார்.

கடைசியாக ஒன்று எஞ்சியிருந்தது. மழை வேளையில் கதவுகளை முற்றிலும் சாத்தினால், வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே வரக் காற்று இல்லை. அப்போது எந்தக் குழாயும் இழுக்காது. ஆதலின் பலகணியின் ஒரு கதவு எப்போதும் திறந்திருத்தல் வேண்டும் என்று தாய் விதித்தார்.

இவ்வாராய்ச்சி அம்மாணவிக்குப் புதியது, உலகிற்குப் புதியதன்று. மின்னலின் இயல்பை ஆராய்ந்து புகழ்பெற்ற பெஞ்சமின் பிராங்கிளின், 1785ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டிலிருந்து அமெரிக்காவிற்குத் திரும்பும் கப்பற்பயணத்தில், புகையும் புகைபோக்கிகளைப் பற்றி நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். புகைவதற்கு ஒன்பது காரணங்களை அவர் அதில் வகுத்துக் காட்டினார். வீட்டினுள் காற்று வர வழியின்மை, அடுப்பின் வாய் அளவிற்கு மிஞ்சிப் பெரிதாயிருத்தல், குழாய் குட்டையாயிருத்தல், அருகில் உயர்ந்த கட்டடம் நின்று காற்றைக் கீழே திருப்புதல் முதலியன அவற்றுட் சில. எல்லாப் புகைபோக்கிக்கும் ஒரே மருந்து உண்டென்று நம்புவது தவறு என்பதே அவர் கருத்தின் சாரம். அவர் கடலில் எழுதிய உண்மையை இம்மாணவி கடற்கரையில் கண்டாள்.

இவ்வீட்டில் நேரவிருந்த இழப்பு நாட்டிலே பலவிடங்களில் நேர்ந்தும் விட்டது. புகையற்ற அடுப்பைப் பற்றிய எண்ணம் நம் நாட்டில் பழையது. தஞ்சையிற் பிறந்த ஜே. சி. குமரப்பா வழிநடத்திய அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் 1934ஆம் ஆண்டில் தொடங்கப் பெற்றது. வார்தாவிலுள்ள அதன் நிலையமாகிய மகன்வாடியில், 1940களில், புகைபோக்கியோடு கூடிய மண்ணடுப்பு ஒன்று உருவாயிற்று. ஐதராபாத்தில் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய எஸ். பி. ராஜு, இலட்சக்கணக்கான மக்களுக்குப் புகையற்ற சமையலறை வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1953ஆம் ஆண்டில் சென்னையில் வெளிவந்தது. பின்னர் 1983ஆம் ஆண்டில் நடுவண் அரசு மேம்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. 2002ஆம் ஆண்டில் அது முடியும்வரை மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் அமைக்கப்பட்டதாகக் கணக்குக் காட்டப்பட்டது. அவற்றுட் பல சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டன. கட்டிக் கொடுத்தவர் கட்டிவிட்டுச் சென்றார். குழாயில் கரி படியும் என்பதையும், அதனை எடுக்க வேண்டும் என்பதையும், வெடித்தால் பூச வேண்டும் என்பதையும் அதனோடு வாழ்பவர்க்கு எவரும் பொறுமையாகச் சொல்லவில்லை. புகைந்த அடுப்பு இடிபட்டது. பழைய புகை திரும்பி வந்தது.

2016ஆம் ஆண்டில் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் எரிவாயு இணைப்புப் பெற்ற ஏழைக் குடும்பங்கள் பல கோடி. எரிவாயு கிடைக்குமிடத்து அதனை ஆள்வதே அடுக்களைக்கு நலம். நன்கு இழுக்கும் விறகடுப்பும் புகையை அழிப்பதில்லை, வெளியே அனுப்புகிறது அவ்வளவே. ஆயினும் விறகு எரியும் இல்லம் உள்ளவரை, அதன் புகைபோக்கி செம்மையாய் இருத்தல் வேண்டும். மற்றொன்றும் மறத்தலாகாது: புகை கண்ணுக்குத் தெரியாதபோதும் இடர் நீங்கிவிடுவதில்லை. கனன்று கிடக்கும் கரியினின்று எழும் கார்பன் மோனாக்சைடு என்னும் வளிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கதவு சாத்திய அறையில் தணற்சட்டியை வைத்துக்கொண்டு உறங்குவோர் உயிரிழப்பது இதனாலேயே.

அவ்வாரம் முடிந்தது. தந்தை இடிகழியைத் தேடவில்லை. மாதந்தோறும் முதல் ஞாயிற்றுக்கிழமையன்று குழாயில் கரி எடுப்பதென்று நாட்காட்டியில் குறித்து வைத்தார். பிற்பகலில் கடற்காற்று வீசியது. அடுப்பில் நெல் அவிந்துகொண்டிருந்தது. ஏணையில் குழந்தை உறங்கியது. ஆயா கொல்லையில் நின்று கூரைமுகட்டை அண்ணாந்து நோக்கினார். மெல்லிய புகை முகட்டிற்கு மேலே எழுந்து, மேற்கு நோக்கிச் சென்று மறைந்தது. "இத்தனை நாளும் இது என் நெஞ்சுக்குள் அல்லவா போயிற்று!" என்று அவர் தமக்குள் சொல்லிக்கொண்டார்.

குற்றம் கண்டவிடத்துப் பொருளை உடைத்தெறிதல் எளிது. குற்றத்தின் வேரைத் தேடி, ஒன்றைக் கண்டவுடன் அதுவே முழுதும் என்று நின்றுவிடாமல், எஞ்சியதையும் தேடிச் செல்லுதல் அரிது. அவ்வரிய பழக்கம் அடுப்பங்கரையிலே தொடங்கினும் அறிவியலே ஆகும்.